எத்தனை பேரு?

சிவகாசியை ஒட்டிய திருத்தங்கலில் கேபிள் டிவி தொழில் நடத்துகிறவனுக்கு நல்ல பெயர் என்பதே கிடையாது. மழை அடித்துப் படம் புள்ளி புள்ளியாக விழுந்தால் நான் காரணம். கரண்ட் போனால் நான் காரணம். நாடகத்தில் நல்ல மருமகள் செத்துப்போனால்கூட, "இந்தச் சங்கிலிமுத்து நடுவுல என்னத்தையோ வெட்டிட்டான்" என்று பெண்கள் என் கடை வாசலில் வந்து நிற்பார்கள். உண்மையில் நான் யார் வீட்டு வயரையும் வெட்டியதில்லை. சந்தா தராதவன் வீட்டுக்கும் போய் வாயாரத் திட்டிவிட்டு வருவேனே தவிர, வயரில் கை வைக்க மாட்டேன். ஏணி போட்டு ஏறி, வேண்டுமென்றே நான் வெட்டிய வயர் ஒன்றே ஒன்றுதான். அது முத்துக்கருப்பன் வீட்டு வயர்.

முத்துக்கருப்பனும் நானும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். அவன் அப்பா வெம்பக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலிக்கு உழுதவர். மழை தவறிய வருடங்களில் குடும்பமே பட்டாசு வேலைக்கு வந்துவிட்டது. முத்துக்கருப்பன் மருந்துக்காரன். மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பது என்று நினைத்துவிடாதீர்கள், எங்கள் ஊரில் அது வெடிக்குள் போவது. அதைக் கலந்து கொடுக்கிற ரூமில் நின்றவன் அவன். பயங்கரமான வாயாடி. காலையில் கம்பெனி வேன் வந்து நின்றால் முதலில் அவன் பேச்சு ஏறும், பிறகுதான் அவன் ஏறுவான்.

2005 கோடையோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

தூரத்தில் பெரிய சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் யாரும் "என்ன சத்தம்" என்று கேட்பதில்லை. புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அடுத்ததாக எல்லா வாயிலும் ஒரே கேள்விதான் வரும்: "எத்தனை பேரு?" அன்றைக்கு மத்தியானம் டீக்கடையில் நானும் கேட்டேன். "ஒரு ஆளுதானாம்" என்றார்கள். அந்த 'தான்' காதில் விழுந்ததும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. சாயங்காலம்தான் தெரிந்தது, அந்த ஒரு ஆள் பலவேசம். முத்துக்கருப்பனின் மச்சினன். முத்துக்கருப்பன் மனைவி மாடத்திக்குக் கூடப் பிறந்த ஒரே தம்பி. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பலவேசத்தை அந்த ரூம் வேலைக்குச் சேர்த்துவிட்டதே முத்துக்கருப்பன்தான். அன்றைக்கு இரண்டு பேரும் உள்ளே நின்றிருக்கிறார்கள். முத்துக்கருப்பன் தண்ணீர் குடிக்க வேப்பமரத்தடிப் பானைக்கு வந்திருக்கிறான். செம்பை வாயில் வைத்த நேரத்தில் ரூம் வெடித்துப் போய்விட்டது. திரும்ப ஓடி, எரிகிற நெருப்புக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறான். வலது கை வெந்ததுதான் மிச்சம். இதெல்லாம் அக்கம்பக்கத்து ரூம்காரர்கள் பார்த்துச் சொன்னது. அவன் யாரிடமும் சொல்லவில்லை. கம்பெனி கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: 'உற்பத்தி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.' எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த வரி தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு முத்துக்கருப்பன் வீட்டை விட்டு இறங்கவில்லை. மாடத்தி வேறு கம்பெனிக்கு வெடிச் சரம் பின்னப் போனாள். அந்த நாளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை அவனிடம் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வானோ என்று அவளுக்குப் பயம், சொன்னால் என்ன நினைப்பாளோ என்று அவனுக்குப் பயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டேன். சோறு போடு என்பான், சட்டை எங்கே என்பான். தண்ணீர் மட்டும் யாரிடமும் கேட்க மாட்டான். வேண்டுமா என்று கேட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாடத்தி செம்பில் மோந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அவள் பார்க்காதபோது குடித்துக்கொள்வான்.

கை ஆறியது. ஆனால் ஆறிய தோல் சுருங்கிக்கொண்டே வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி உள்ளங்கையைப் பார்த்து வளைந்தன. மதுரை டாக்டர் ஆபரேஷன் செய்து விரித்துவிடலாம் என்று தேதி கொடுத்தார். இவன் போகவில்லை. இன்னொரு தேதி கொடுத்தார். அதற்கும் போகவில்லை. மூன்றாவதாக 2007 தீபாவளி கழிந்து ஒரு திங்கட்கிழமையைச் சொல்லி, "இதை விட்டா மூட்டு இறுகிரும், அப்புறம் நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்று மாடத்தியிடம் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அவன் ஏன் போகவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஜப்பான் கார்ட்டூனுக்காக.

'ஏழுமலை வீரன்' என்று பெயர் போட்டு, பிள்ளைகள் சேனலில் சாயங்காலம் ஆறரைக்குத் தமிழில் ஓடியது. பெயரைப் பார்த்து ஏதோ சாமி படம் என்றுதான் முத்துக்கருப்பன் முதல் நாள் உட்கார்ந்தான். பார்த்தால் முள்ளு முள்ளாக முடி வைத்த ஒரு பயல், ரெய்ஜி என்று பெயர், ஏழு மலை தாண்டிப் போகிறான். கூடவே தோகோ என்று ஒரு சிநேகிதன். கத்திச் சண்டை, நிலாவில் இருந்து குதிக்கிற பூதம், சோற்றுச் சட்டிக்குச் சண்டை. முடிவே இல்லாமல் வருடக்கணக்காகப் போகிற கதை. முத்துக்கருப்பன் மகள் சினேகா அதற்காகவே பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வருவாள். நாளடைவில் இவனும் ஆறு மணிக்கே டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார ஆரம்பித்தான். அந்த அரை மணி நேரம் மட்டும் மகளிடம் பேசினான். அதற்காகவே அந்தக் கார்ட்டூனைக் கும்பிடலாம் என்று மாடத்தி என்னிடம் சொன்னாள்.

ஐந்தாவது மலையில் ஒரு மூடுபனிக் குகை. அதன் கல்கதவு மூடாமல் இருக்கத் தோகோ உள்ளே நின்று தாங்கிப் பிடிக்க, ரெய்ஜி வெளியே பாய்ந்து விழுகிறான். கதவு மூடிவிடுகிறது. அதற்குப் பிறகு ரெய்ஜி குகை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். அந்தக் கதைகளைத்தான் தெரியுமே, ஓங்கின கத்தி இறங்கவே ஒரு வாரம் ஆகும். ரெய்ஜி உட்கார்ந்தான், உட்கார்ந்தான், உட்கார்ந்துகொண்டே இருந்தான். வீட்டுக்குள் முத்துக்கருப்பனும் அப்படியே உட்கார்ந்திருந்தான். மாடத்தி மதுரைப் பேச்சை எடுத்தால் ஒரே பதில்தான்.

"அந்தப் பய வெளிய வரட்டும். அப்புறம் போவோம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டிவியைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். "ஏலே, கார்ட்டூன்காரன் வராட்டி ஒங் கை வெளங்காமப் போகணுமா?" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

தீபாவளிக்குச் சில நாள் முன்னால், ரெய்ஜி வழக்கம்போல் குகை வாசலில் உட்கார்ந்திருக்கும்போது, திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. 'தவிர்க்க இயலாத காரணங்களால் ஏழுமலை வீரன் தொடர் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது.'

மறுநாள் ஊரில் பட்டாசுப் பேச்சைவிட அந்தப் பேச்சுதான் அதிகம். கம்பெனி வேனில் பெண்கள் அலசிப் பிழிந்தார்களாம். இருளம்மாள் என்றொரு பெண், "சீசன் முடிஞ்சிருச்சுடி. தீவாளி கழிஞ்சா நமக்கு லீவு விடற மாதிரி அவுகளுக்கும் லீவு" என்றாளாம். இன்னொருத்தி, ரெய்ஜிக்குக் குரல் கொடுக்கிற பையனுக்குக் கல்யாணம் என்றாளாம். சேனல் முதலாளிமார் இரண்டு பேருக்கும் பாகத் தகராறு என்று டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொன்னார், பங்காளி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி. என் கடை போன் ஓயவில்லை. "ஜப்பான்காரனுக்குச் சந்தா கட்டாம விட்டுட்டீகளாக்கும்?" என்று ஒரு அம்மா கேட்டாள். மதுரையில் எனக்குத் தெரிந்த சேனல் ஏஜென்ட்டிடம் கேட்டேன். "தமிழ்ல பேசி அனுப்பினது தீர்ந்திருக்கும், இல்ல அங்கேயே வரையிறத நிறுத்தியிருப்பாங்க, எனக்கு மட்டும் ஜோசியமா தெரியும்" என்று எரிந்து விழுந்தார்.

அன்று சாயங்காலம் என் கடை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தால் முத்துக்கருப்பன். இரண்டு வருடத்துக்கு மேலாகத் தெருவில் கால் வைக்காதவன். சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருந்தது. முகமெல்லாம் வேர்வை. வழி நெடுகப் பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்த தெருவில் அவன் எப்படித்தான் நடந்து வந்தானோ.

"சங்கிலி, எத்தனை பேரு?" என்றான்.

"எதுலலே?"

"அந்தப் படம் வரையிற கம்பெனியில. நிறுத்தி வச்சிருக்காகள்ல. எத்தனை பேரு?"

தற்காலிகமாக நிறுத்தினால் எங்கள் ஊரில் வேறு என்ன அர்த்தம்? ஜப்பானில் எங்கேயோ வரிசையாக ரூம் ரூமாக இருக்கும், நடுவில் வேப்பமரம் இருக்கும், அதில் ஒரு ரூம் போய்விட்டது என்று அவன் நினைத்துவிட்டான். படம் வரைகிறவனுக்குப் பென்சிலும் தாளும்தான் என்று சொன்னேன். பென்சில் வெடிக்குமா என்று கேட்டேன். கெஞ்சினேன், திட்டினேன். எதுவும் ஏறவில்லை.

"மறைக்காத. டிவியில போட மாட்டாக. வெளிய வராத ஆளு எத்தனைன்னு மட்டும் சொல்லு" என்று மறுபடி மறுபடி அதையே கேட்டான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டில் விட்டேன். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. மாடத்தி என் கடைக்கு வந்து அழுதாள்.

"அண்ணே, தேதி நெருங்குது. இந்த மனுசன் மதுரைக்கும் வர மாட்டாக, சோறும் திங்க மாட்டாக. நா என்னத்தச் செய்ய? நானும் கூடப் பொறந்தவனப் பறிகொடுத்துட்டுத்தானே நிக்கேன்?"

அவள் தன் தம்பியைச் சொல்லி அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வழி கண்டது சினேகா. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. சிநேகிதியோடு சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் இங்கிலீஷில் தேடியிருக்கிறாள். அங்கேயும் எங்கள் வேன் மாதிரிதான், உலகம் முழுக்க ஆளாளுக்கு ஒன்று எழுதியிருந்தார்களாம். வரைகிறவர் செத்துப்போனார் என்று ஒருவன். கம்பெனியோடு சண்டை என்று ஒருவன். கதை அவருக்கே மறந்துபோய்விட்டது என்று ஒருவன். அவற்றில் ஒன்றை மட்டும் அவள் தாளில் எழுதிக்கொண்டு வந்து அப்பாவிடம் வாசித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அந்தப் படம் வரையிறவருக்குக் கை வெளங்கலயாம்ப்பா. வலது கை. பென்சிலப் பிடிக்க முடியலயாம். ஆபரேஷனுக்காக நிறுத்தி வச்சிருக்காகளாம்."

"யாரு சொன்னா?"

"யாரோ ஒருத்தன் எழுதியிருக்கான்ப்பா. நெசமான்னு தெரியல."

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அந்தக் கடைசி வரியை விழுங்கக் கூடாதா என்று எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. முத்துக்கருப்பன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவரு போனாராமா ஆசுபத்திரிக்கு?"

"போயிருப்பாருப்பா."

அன்று சோறு கேட்டுச் சாப்பிட்டான். "திங்கக்கெளம போவோம்" என்றான். மாடத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

தீபாவளி முடிந்தது. கம்பெனிகளுக்கு லீவு விட்டார்கள். திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, என் கடை டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது எனக்குத் திக்கென்றது. முழுத் திரையிலும் ரெய்ஜி. பின்னால் இடி முழங்க ஒரு குரல்: "மூடுபனிக் குகையில் இருந்து வெளியே வரப்போவது யார்? ஏழுமலை வீரன் மீண்டும், திங்கள் மாலை ஆறரைக்கு!"

இதை அவன் பார்த்தால் தீர்ந்தது கதை. திங்கள் பார்த்துவிட்டுப் போகலாம் என்பான், செவ்வாய் என்பான், அந்தக் கதை அவனை இன்னும் ஒரு வருடம் குகை வாசலில் உட்கார வைக்கும். டாக்டர் கதவைச் சாத்திவிடுவார். நான் யோசிக்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு போய், அவன் வீட்டு முனைக் கம்பத்தில் ஏறி, வயரை ஒரே வெட்டாக வெட்டினேன். சினேகா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, அது எங்க வீட்டு வயரு."

"லைன்ல கோளாறும்மா. செவ்வாக்கெளம சரியாயிரும்" என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க, யாராவது அவனிடம் போய் உளறிவிடுவார்களோ என்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலையில் மதுரை பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். நடுவழியில் இறங்கிவிட்டால் மாடத்தியால் அவனைப் பிடித்து நிறுத்த முடியாது. அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில் இருந்தார்கள். விருதுநகர் தாண்டியதும் மாடத்தி கண் அயர்ந்தாள். முத்துக்கருப்பன் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வயர நீதான வெட்டுன?"

"எந்த வயரு?"

"நடிக்காதலே. அந்த வெளம்பரத்த நா வெள்ளிக்கெளமயே பாத்துட்டேன்."

நான் அசடு வழிய அவனைப் பார்த்தேன். ஒரு நாள் முந்தியே பார்த்திருக்கிறான்! பார்த்த பிறகும் பஸ் ஏறியிருக்கிறான்.

"அப்புறம் எதுக்குலே வந்த?" என்றேன். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பார்த்துவிட்டும் வருகிறான் என்றால் நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறான், இதோ இறங்கப் போகிறான் என்று மதுரை வரைக்கும் காலை நீட்டி வழியை மறித்தபடியே வந்தேன்.

ஆஸ்பத்திரியில் படுக்கை கொடுத்தார்கள். ஆபரேஷன் மறுநாள் காலை. சாயங்காலம் ஆறரை ஆனபோது முத்துக்கருப்பன் வார்டில் மாட்டியிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வராண்டாவுக்குப் போய் செல்போனில் வீட்டுக்குப் பேசினேன். "தோகோ வெளியே வந்தானா?" என்று என் மனைவியிடம் கேட்டேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் கேட்கிற கேள்வியா அது! "எங்க வந்தான்? பழசத்தான் மொதல்ல இருந்து போடுறான்" என்றாள் அவள்.

திரும்பி வந்தேன். முத்துக்கருப்பன் என் முகத்தைப் பார்த்தான்.

"வந்தானா?"

வந்துவிட்டான் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. மாடத்தி கலயத்தில் இருந்த கஞ்சியைக் கலக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இல்லலே. வரல."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவ்வளவுதான். எழுந்து நடந்துவிடுவானோ என்று நான் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

அப்போதுதான் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, சாத்தூர்ப் பக்கம்போல, அவன் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "வெடியா தம்பி? எத்தனை பேரு?"

மாடத்தியின் முகம் வெளிறிவிட்டது. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். முத்துக்கருப்பன் கையைத் தூக்கி என்னைத் தடுத்தான்.

"ஒரு ஆளு" என்றான். "எம் மச்சினன். பலவேசம்னு பேரு." பேச்சு அந்த அம்மாளைப் பார்த்து ஆரம்பித்தது, பிறகு மாடத்தியின் பக்கம் திரும்பிவிட்டது. "நாந்தான் வேலைக்குச் சேத்துவிட்டேன். அன்னிக்கு அவனுக்குத்தான் மொதல்ல தண்ணி தவிச்சுச்சு. நீங்க குடிச்சிட்டு வாங்க மாமா, நா இந்தக் கலவைய முடிச்சுட்டு வாரேன்னான். நா வெளிய வந்து குடிச்சேன். அவன் வெளிய வரல மாடத்தி. இனிமே வர மாட்டான்."

மாடத்தி கண்ணைத் துடைக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவன் மடங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே நீங்க ரெண்டு பேருமே போயிட்டீகன்னுதான் நா நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். நானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், எனக்கு மட்டும் என்ன கல் நெஞ்சா? வெகுநேரம் கழித்து அவன் குரல் கேட்டது.

"மாடத்தி, தண்ணி குடு."

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அவன் வாயிலேயே வைத்துப் பிடித்தாள். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.